சினைப்பைப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு உப்புகிறதா? சொல்லத் தயங்க வேண்டாம்

எங்கள் சித்திக்கு ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். அதுவரை நைட்டியிலேயே இருந்தவர், பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று அன்றைக்குச் சேலை கட்டினார். காலையில் தளர்வாகக் கட்டின பாவாடை நாடா, மதியம் சாப்பிட்டதும் இடுப்பைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. வயிறு மத்தளம் மாதிரி இருந்தது. என்னைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டு, "பாப்பா, வயிறு திரும்ப உப்புது. சித்தப்பாகிட்ட சொல்லிடாத" என்றார்.

'திரும்ப' என்ற அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

ஏனென்றால் ஆபரேஷனுக்கு முன்பு ஏழெட்டு மாதமாக அதே வயிறு உப்பிக்கொண்டுதான் இருந்தது. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தார். பெருங்காயம் போட்ட மோர் குடித்தார். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்றார். "வயசாகுது, தொப்பை போடத்தான் செய்யும்" என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து சொன்னோம். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது சினைப்பையில் கட்டி. வயிற்றில் நீரும் கோத்திருந்தது.

சினைப்பைப் புற்றுநோயின் சிக்கலே இதுதான். அடிக்கடி வயிறு உப்புதல், சீக்கிரம் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் வருதல் என்று அதன் அறிகுறிகள் எல்லாமே நாம் தினமும் கேட்கிற சாதாரணத் தொல்லைகள். அதனால் பலருக்கும் நோய் முற்றிய பிறகுதான் தெரியவருகிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் ஒரு எளிய கணக்கு சொல்கிறது: இந்தத் தொல்லைகள் மாதத்தில் 12 முறைக்கு மேல் வந்தால், அதுவும் 50 வயதைக் கடந்த பெண்ணுக்கு வந்தால், அதை வாயு என்று ஒதுக்காமல் சோதிக்க வேண்டும்.

சரி, சோதித்தாயிற்று, ஆபரேஷனும் ஆயிற்று. அதற்குப் பிறகு வயிறு உப்பினால்? முன்பு புற்றை வாயு என்று நினைத்த அதே பெண், இப்போது ஒவ்வொரு வாயுவையும் புற்று என்று நினைத்துப் பயப்படுகிறார். பயத்தில் இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, யாரிடமும் சொல்லாமல் மறைப்பது. இன்னொன்று, தானாகவே ஏதாவது மருந்து சாப்பிட்டுப் பார்ப்பது. இரண்டுமே ஆபத்து. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வரும் உப்புசத்தில் பெரும்பகுதி சாதாரணமானது, சரியாகிவிடக்கூடியது. சிலது உடனே கவனிக்க வேண்டியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எப்படிப் பிரித்துப் பார்ப்பது, எப்போது கிளம்புவது, அரசு சேவைகளில் எதை எங்கே கேட்பது என்று பார்ப்போம்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது?

பெயர் 'சினைப்பை ஆபரேஷன்' என்றாலும் எடுப்பது சினைப்பையை மட்டும் அல்ல. பெரும்பாலும் இரண்டு சினைப்பைகள், கருக்குழாய்கள், கருப்பை, குடலுக்கு முன்னால் திரை மாதிரி தொங்கும் ஓமென்டம் என்ற கொழுப்புத் திரை ஆகியவற்றை எடுக்கிறார்கள். தேவைப்பட்டால் நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். நோய் குடலைத் தொட்டிருந்தால் குடலின் ஒரு பகுதியை வெட்டி இணைப்பதும் உண்டு. இதற்காக வயிற்றின் நடுவில், தொப்புளைச் சுற்றி மேலிருந்து கீழாக நீளமாகத் திறப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயாவது நோய் ஒட்டியிருக்கிறதா என்று மருத்துவர் குடல் முழுவதையும் கையில் எடுத்துப் பார்ப்பார். இவ்வளவு நேரம் கைபட்ட குடல் அடுத்த நாளே பழையபடி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதல் சில நாட்கள்: குடல் தூங்கும் நேரம்

ஆபரேஷன் முடிந்ததும் குடலின் அசைவு தற்காலிகமாக நின்றுவிடும். மயக்க மருந்து, வலி மருந்து, குடலைத் தொட்டது எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது. சிறுகுடல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் விழித்துக்கொள்ளும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். பெருங்குடல்தான் கடைசி, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அதுவரை உள்ளே சேரும் காற்றும் நீரும் நகராமல் நிற்பதால் வயிறு உப்பும்.

அதனால்தான் வார்டு ரவுண்ட்ஸில் டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி, "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்பது. மகன், மருமகன் பக்கத்தில் நிற்கும்போது இதற்குப் பதில் சொல்ல நம் பெண்களுக்குக் கூச்சம். சிலர் தலையை மட்டும் ஆட்டிவிடுவார்கள். ஆனால் அந்தப் பதிலை வைத்துத்தான் சாப்பாடு கொடுக்கலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்கிறார்கள். காற்று பிரியாமலே 'ஆமாம்' என்று தலையாட்டினால் கஷ்டம் நமக்குத்தான். கூச்சமாக இருந்தால் செவிலியரிடம் தனியாகச் சொல்லலாம்.

இந்த நாட்களில் உண்மையாகவே உதவுவது நடை. டாக்டர் எழுந்திருக்கச் சொன்ன அன்றைக்கே, யாரையாவது பிடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி நடந்தாலும் போதும். நடந்தால் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து படுத்தே இருப்பதுதான் குடலை மந்தமாக்கும்.

சிலருக்குச் சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பி முறையில் செய்திருப்பார்கள். அப்போது வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துவார்கள். அது உடம்பில் கரையும் வரை சில நாட்கள் உப்பலும், தோள்பட்டையில் ஒரு குடைச்சலும் இருக்கலாம். 'வயித்துல ஆபரேஷன், தோள்ல ஏன் வலி?' என்று பயப்பட வேண்டாம். வயிற்றின் மேல்பக்கத் தசைத் தடுப்பு உறுத்தப்படுவதால் வருகிற வலி அது. ஆனால் மூச்சு விடவே சிரமமாக இருந்தால் உடனே சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு: சாதாரணக் காரணங்கள்

மலச்சிக்கல்: முதல் இடம் இதற்குத்தான். டிரமடால், மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் குடலை மந்தமாக்கும். ரத்தம் ஏற எழுதித் தருகிற இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். கீமோ தொடங்கிய பிறகு வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் ஒன்டான்செட்ரான் மாத்திரையும் மலச்சிக்கலை உண்டாக்கும். பலருக்கும் இது தெரியாது. ஒவ்வொரு கீமோவுக்கும் அடுத்த சில நாட்கள் வயிறு உப்பி, பிறகு அடங்கினால் இது ஒரு முக்கியமான காரணம்.

வீக்கம்: தையல் போட்ட தசையும் தோலும் ஆறும்போது வீங்கும். காலையில் குறைவாகவும், சாயங்காலம் கூடுதலாகவும் தெரியும். வாரக்கணக்கில் ஆகும் என்றாலும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும்.

தளர்ந்த தசை: நடுவில் திறந்து மூடிய வயிற்றுத் தசைக்குப் பழைய பலம் வர மாதங்கள் ஆகும். அதுவரை வயிறு முன்னால் தள்ளியது போலத் தெரியலாம்.

திடீர் மாதவிடாய் நிறுத்தம்: மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், உடம்பு ஒரே நாளில் அந்த மாற்றத்துக்குப் போகிறது. உடம்பெல்லாம் சூடு பரவுவது, வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றோடு வயிறு உப்பலும் சேர்ந்து வரலாம். இதற்கும் மருத்துவரிடம் வழி உண்டு, கேட்க வேண்டும்.

சித்தியின் விஷயத்தில் அன்றைக்கு நடந்தது முதல் காரணம்தான். நாலு நாளாக மலம் சரியாகப் போகவில்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அம்மா அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். டாக்டர் வயிற்றைத் தட்டி, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். ஒரு ஸ்கேன் பார்த்தார். வலி மாத்திரையை மாற்றினார், மலமிளக்கும் சிரப் எழுதினார். இரண்டு நாளில் பாவாடை நாடா சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு ராத்திரி முழுக்க அவர் தூங்காமல் அழுதுகொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கவனிக்க வேண்டிய காரணங்கள்

குடல் ஒட்டுதலும் அடைப்பும்: ஆபரேஷன் ஆன வயிற்றுக்குள், ஆறும்போது நார் போன்ற இழைகள் உருவாகிக் குடலின் பகுதிகளை ஒன்றோடொன்றோ, வயிற்றுச் சுவரோடோ ஒட்டவைக்கும். இதனால் குடல் மடங்கி அடைபடலாம். சில வாரங்களிலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். வயிறு உப்பும், விட்டுவிட்டுப் பிசைகிற வலி வரும், வாந்தி வரும், காற்றும் மலமும் நின்றுபோகும். நோய் திரும்பி வந்து குடலை அழுத்தினாலும் இதே அறிகுறிகள் தோன்றும்.

தொற்றும் கசிவும்: வயிற்றுக்குள் சீழ் கட்டலாம். குடலை வெட்டி இணைத்திருந்தால் இணைத்த இடத்தில் கசியலாம். காய்ச்சல், நடுக்கம், கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவை அடையாளம்.

நிணநீர் தேங்குதல்: நிணநீர் முடிச்சுகளை எடுத்த இடத்தில் நீர்ப்பை மாதிரி தேங்கலாம். அடிவயிற்றில் ஒரு பக்கம் கனமாக இருக்கும், சிலருக்குக் கால் வீங்கும். சிறியது தானாகவே வற்றிவிடும். பெரியதை ஸ்கேன் பார்த்து ஊசி அல்லது டியூப் மூலம் வடிப்பார்கள்.

குடலிறக்கம்: தையல் போட்ட இடத்தில் தசை விலகி, உள்ளே இருப்பது வெளியே புடைக்கும். இருமும்போதும் நிற்கும்போதும் தெரியும், படுத்தால் உள்ளே போகும். உள்ளே போகாமல் வலியோடு நின்றுவிட்டால் அவசரம்.

சிறுநீர் தேங்குதல்: சிறுநீர் முழுதாகப் போகாமல் அடிவயிறு மட்டும் புடைத்திருக்கும்.

நீர் கோத்தல்: நோய் திரும்பி வரும்போது வயிற்றில் நீர் சேரலாம். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். இது ஒரு வேளையில் வந்து மறுவேளையில் வடிவதில்லை. நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் கூடும். எடையும் இடுப்பளவும் ஏறும், சாப்பாடு இறங்காது, படுத்தால் மூச்சு முட்டும். நீர் கோத்திருந்தாலும் வழி இல்லாமல் போய்விடவில்லை. நீரை வடித்து மூச்சுத் திணறலைக் குறைக்கலாம், மறுபடியும் கீமோ கொடுக்கலாம்.

பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள்

1. ஏறி இறங்குகிறதா, ஏறிக்கொண்டே போகிறதா? காலையில் குறைந்து, சாப்பிட்ட பிறகு கூடி, காற்றோ மலமோ பிரிந்ததும் இறங்கினால் பெரும்பாலும் வாயு, மலச்சிக்கல். எதற்கும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் காட்ட வேண்டும்.

2. கூட என்ன இருக்கிறது? உப்பல் மட்டும் இருந்தால் பதற வேண்டாம். வாந்தி, காய்ச்சல், கடும் வலி, காற்று நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

3. எத்தனை நாளாக? மற்றபடி நன்றாக இருந்தாலும், ஒரு வாரத்துக்கு மேல் உப்பல் நீடித்தால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போய்க் காட்டுங்கள்.

இந்தக் கேள்விகளுக்கு நினைவிலிருந்து பதில் சொல்வது கஷ்டம். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், தொப்புளுக்கு நேராகச் சுற்றி அளந்து எழுதுங்கள். தினமும் அதே இடம், அதே நேரம். வாரத்துக்கு ஒருமுறை எடை. மலம் போனதா, காற்று பிரிந்ததா, வாந்தி உண்டா, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று ஒரே வரி. கையெழுத்து வராதவர்களுக்கு வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரலாம்.

உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

• வயிறு உப்பி, காற்றும் மலமும் நின்றுபோய், வாந்தியும் வருவது. வாந்தி பச்சையாகவோ, மல வாடையோடோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.
• விட்டுவிட்டுப் பிசையும் கடும் வலி, அல்லது வயிறு பலகை மாதிரி கெட்டியாவது.
• 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் என்றாலே அவசரம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.
• தையல் போட்ட இடத்தில் சிவப்பு, சூடு, சீழ், அல்லது தையல் விலகுவது.
• பெண்ணுறுப்பு வழியாக அதிக ரத்தம், நாற்றமடிக்கும் கசிவு, அல்லது சிறுநீர் போலவோ மலம் போலவோ கசிவு.
• சிறுநீர் போகவே முடியாமல் இருப்பது.
• ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. இது ரத்தக் கட்டியாக இருக்கலாம். சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல்.

வீட்டில் என்ன செய்யலாம்?

சாப்பாட்டை மூன்று வேளையிலிருந்து ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மெதுவாக, நன்றாக மென்று சாப்பிடுங்கள். இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், ரசம், மோர், சுரைக்காய், பூசணிக்காய் போன்றவை முதல் சில வாரங்களுக்கு எளிது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், மொச்சை, கொண்டைக்கடலை, சோடா, கூல் டிரிங்க்ஸ் ஆகியவை காற்றைக் கூட்டும், கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். குடலை வெட்டி இணைத்தவர்களும், ஏற்கெனவே ஒருமுறை அடைப்பு வந்தவர்களும் பனங்கிழங்கு, வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி நார் அதிகமுள்ளதை மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். 'மலச்சிக்கலா, நார்ச்சத்து சாப்பிடு' என்ற பொதுவான அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது.

தண்ணீர் போதுமான அளவு குடிக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே ஆனாலும் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடக்க வேண்டும். மலம் கழிக்க முக்கக் கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால்களை ஒரு சிறிய முக்காலியில் வைத்துக்கொண்டால் எளிதாக இருக்கும். இருமும்போது, எழும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் தூக்க வேண்டாம். வயிற்றுக்கு பெல்ட் போடுவதாக இருந்தால், எவ்வளவு நேரம், எவ்வளவு இறுக்கம் என்று மருத்துவர் சொன்னபடி மட்டும்.

எதைச் செய்யக் கூடாது?

வயிறு உப்பியதும் நம் வீடுகளில் முதலில் தேடுவது விளக்கெண்ணெய். இனிமா கொடுக்கலாமா என்றும் கேட்பார்கள். குடல் அடைபட்டிருக்கும் நேரத்தில் இவை இரண்டும் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும். அடைத்த குழாயில் அழுத்தம் கொடுப்பது போலத்தான் அது. மருத்துவர் எழுதித் தந்த மலமிளக்கியைக்கூட, வாந்தியும் கடும் வலியும் இருக்கும்போது நிறுத்திவிட்டு முதலில் காட்ட வேண்டும்.

கீமோ நடக்கும்போது கேட்காமல் கஷாயம், லேகியம், சூரணம் எதுவும் வேண்டாம். இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். தையல் பக்கத்தில் சுடுதண்ணீர் ஒத்தடமும் கூடாது. அந்த இடத்தில் உணர்ச்சி மரத்திருப்பதால் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். வலி மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மலச்சிக்கல் என்று சொன்னால் அவர்கள் மாற்றித் தருவார்கள்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதலில் கையால் தொட்டு, தட்டிப் பார்ப்பார்கள். வயிற்றில் காற்று இருந்தால் ஒரு சத்தம், நீர் இருந்தால் வேறு சத்தம். பிறகு தேவைக்கேற்ப எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், சி.டி. ஸ்கேன். ரத்தத்தில் சி.ஏ.-125 என்ற அளவையும் பார்க்கலாம். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் உடைந்துபோகிறார்கள். ஆபரேஷன் ஆன சில வாரங்களுக்கு, வயிறு ஆறிக்கொண்டிருப்பதாலேயே அது கூடியிருக்கலாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து நீங்களாக முடிவுக்கு வர வேண்டாம். அது எப்படி ஏறுகிறது, இறங்குகிறது என்பதையும் ஸ்கேனையும் சேர்த்துத்தான் மருத்துவர் பார்ப்பார்.

குடல் அடைப்பு என்றாலே மறுபடியும் ஆபரேஷன் என்றும் இல்லை. வாய் வழியாக எதுவும் கொடுக்காமல், டிரிப்ஸ் ஏற்றி, மூக்கு வழியாக டியூப் போட்டு இரைப்பையைக் காலி செய்து குடலுக்கு ஓய்வு கொடுப்பார்கள். ஒட்டுதலால் வரும் அடைப்புகளில் பல இப்படியே விலகிவிடும். ஆனால் அதற்குச் சீக்கிரம் போயிருக்க வேண்டும்.

செக்கப் தேதிகளைத் தவறவிடாதீர்கள். சிகிச்சை முடிந்த முதல் 2 ஆண்டுகளுக்கு 2 முதல் 4 மாதத்துக்கு ஒருமுறையும், அடுத்த 3 ஆண்டுகளுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும் வரச் சொல்வது வழக்கம். உங்கள் மருத்துவர் சொல்லும் தேதிதான் உங்களுக்குக் கணக்கு.

அரசு சேவைகள்: எதை எங்கே கேட்பது?

அவசரத்துக்கு 108. வண்டி வந்ததும் 'புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர், வயிறு உப்பி வாந்தி' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பார்க்கும் டூட்டி டாக்டருக்கு, உள்ளே எதை எடுத்தார்கள், குடலை வெட்டினார்களா என்பது அந்தக் காகிதத்தில்தான் இருக்கும். அதை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

அவசரம் இல்லை, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்றால் 104. மருத்துவ ஆலோசனைக்கான அரசு எண் இது. எங்கே போவது என்று தெரியாத ராத்திரி நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியலாம். சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண் 1800 425 3993. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ஸ்கேன், மறுபடி சேர்க்கை, கீமோ ஆகியவற்றில் எது எப்படிச் சேரும் என்பதை மருத்துவமனையிலேயே உள்ள காப்பீட்டு கவுண்டரில், பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எழுந்து வர முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு வீட்டுக்கே மாத்திரை தருவதோடு, வலி தணிப்பு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வலி தணிப்பு என்றால் கடைசி நாட்களுக்கு என்று நினைக்க வேண்டாம். வலி, வாந்தி, உப்பல் இருக்கும் எந்தக் கட்டத்திலும் கேட்கலாம்.

வெளியூர் மருத்துவமனைக்கு ரயிலில் போகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் 100 சதவீதமும், உடன் போகும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதமும் சலுகை. மருத்துவமனையில் அதற்கான சான்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி ரயில் நிலைய முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

'இன்னைக்கு எப்படி இருக்கு?' என்று பொதுவாகக் கேட்டால் 'பரவாயில்ல' என்றுதான் பதில் வரும். 'மோஷன் போச்சா, காத்து பிரிஞ்சுதா, எவ்வளவு சாப்பிட்ட?' என்று கேளுங்கள். கணவரே கேட்டாலும் தப்பில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் "என்ன, வயிறு இன்னும் அப்படியே இருக்கு?" என்று சொல்வதை மட்டும் தடுத்துவிடுங்கள். கண்ணாடியில் ஏற்கெனவே நூறு தடவை அதைப் பார்த்து அழுதிருப்பார்.

சித்திக்கு எட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மறுபடியும் உப்பியது. இந்த முறை பிசைகிற வலி, இரண்டு தடவை வாந்தி. காலையிலிருந்து காற்று பிரியவில்லை என்று நோட்டில் எழுதியிருந்தார். இந்த முறை என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. எல்லோர் முன்னாலும், "எனக்கு இது வாயு மாதிரி தெரியல, வண்டிக்குப் போன் போடுங்க" என்றார். 108-ல் போனோம். டூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரியையும் நோட்டையும் புரட்டிவிட்டு எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். ஒட்டுதலால் வந்த அடைப்பு. மூக்கில் டியூப், கையில் டிரிப்ஸ். சி.டி. ஸ்கேனில் நோய் திரும்பியதற்கான அடையாளம் இல்லை. மூன்றாம் நாள் காலை காற்று பிரிந்தது. கத்தி இல்லாமல் வீடு திரும்பினார்.

இப்போது ஓ.பி. வரிசையில் பக்கத்தில் உட்காரும் புது ஆட்களிடம் அவரே பேச்சுக் கொடுக்கிறார். "டாக்டரு காத்து பிரிஞ்சுதான்னு கேட்டா வெக்கப்படாம சொல்லும்மா. ஒரு நோட்டு போட்டு எழுதிக்க." நோட்டும் டேப்பும் இன்றைக்கும் அவர் கைப்பையில்தான் இருக்கின்றன.

முக்கிய எண்கள்
அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை: 104
முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: 1800 425 3993